கப்பும் வளையும்

கார்த்திகை 3

இரவு முழுக்கப் பெய்து விடியப்புறம் விட்டது. முற்றம் கூட்ட முடியாத ஈரம். வேலிப் பக்கம் போய் நின்றேன். கிளுவைக் கதியாலைப் பிடித்துக்கொண்டு கார்த்திகைப்பூக் கொடி என் தலைக்கு மேலே ஏறிவிட்டது. ஐப்பசியில் பார்த்தபோது முழங்கால் உயரம். பற்றிப்பிடிக்க இதற்குத் தனி உறுப்பு இல்லை. இலையின் நுனியே நீண்டு சுருண்டு கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறது.

பூ சொல்வழி கேளாத பூ. முகம் நிலத்தைப் பார்க்கும், ஆறு இதழும் பின்னால் மடிந்து வானத்தைப் பார்க்கும். சூல்தண்டு கேசரங்களோடு சேராமல், தச்சனின் மூலைமட்டம் போல ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். விரியும்போது பச்சை, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நாளையும் ஒன்றாகப் பார்க்கலாம்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை வரிசைப்படுத்தும்போது முதலில் சொல்வது காந்தளைத்தான். தமிழ்நாட்டின் மாநிலப் பூ இது, சிம்பாப்வேயின் தேசியப் பூவும் இது. இந்த மண்ணில் விடுதலைப் புலிகள் இதைத் தேசியப் பூவாக வைத்திருந்தார்கள். நவம்பர் கடைசியில் இந்தப் பூவைக் கையில் எடுப்பவர் எதற்காக எடுக்கிறார் என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

நான் எழுத நினைத்தது பூவைப் பற்றியல்ல, கீழே இருக்கும் கிழங்கைப் பற்றி. கலப்பை வடிவில் கிடப்பதால் கலப்பைக் கிழங்கு. சின்ன வயதில் ஆச்சி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “பூவைப் பார். கிழங்கிலை கை வையாதை. உது ஆளை உள்ளுக்குள்ளாலை கழட்டிப் போடும்.”

உள்ளுக்குள்ளால் கழற்றுவது. ஆச்சி பள்ளிக்கூடம் போகாதவ. அந்தச் சொல் எவ்வளவு சரி என்று எனக்குத் தெரிய நாற்பது வருடம் பிடித்தது.

கார்த்திகை 4

கலம் என்றுதான் எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் செல். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த காலத்தில், யாரோ கொண்டுவந்த இந்தியப் புத்தகம் ஒன்றை ஒரு பிள்ளை உரத்து வாசித்தாள்: மனித உடலில் கோடிக்கணக்கான செல்கள் உள்ளன. வகுப்பே சிரித்தது. இங்கே செல் என்றால் கூவிக்கொண்டு வந்து விழும் எறிகணை. பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பிச் சொன்னான்: “எனக்குள்ளை கோடிக்கணக்கிலை இல்லை சேர். ரெண்டு துண்டுதான்.” அவன் முதுகில் அது இருந்தது எனக்குத் தெரியும். நானும் சிரித்துவிட்டேன்.

அன்றைய பாடம் குழியவன்கூடு. கலத்துக்குள் இருக்கும் எலும்புக்கூடு என்று அதை நான் விளங்கப்படுத்தியது பிழை. வன்கூடு என்ற சொல்லே ஆளை ஏமாற்றும். எலும்பு என்றால் ஒருமுறை கட்டி முடித்தது, ஆள் செத்த பிறகும் கிடப்பது என்றுதான் தோன்றும். கலத்துக்குள் இருப்பது அப்படிப்பட்டதல்ல.

மூன்று வகை இழைகள் அங்கே உண்டு. மெல்லியது அக்டின், 7 நனோமீற்றர் தடிப்பு. கலம் ஊர்வதும் தசை சுருங்குவதும் அதனால். நடுத்தரமானவை கயிறு போல, இழுத்தாலும் அறாமல் தாங்குபவை. எங்கள் தோலும் நகமும் அந்தக் குடும்பம். மூன்றாவது நுண்குழாய், 25 நனோமீற்றர். ஒரு தலைமயிரின் குறுக்கே ஏறத்தாழ மூவாயிரம் நுண்குழாய்களை அடுக்கலாம். தியூபியூலின் என்ற புரதத்தின் சோடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பெரும்பாலும் பதின்மூன்று சரங்கள் வட்டமாகச் சேர்ந்து ஒரு குழாய். கலத்துக்குள் பொருள்கள் பயணம் போகும் பாதை அது. கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களைச் சரிபாதியாக இழுக்கும் கதிரும் அதுதான்.

இந்தக் குழாய் நிற்பதில்லை என்பதுதான் விசயம். நீண்டுகொண்டே போகும், திடீரென்று நுனியிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்து குறுகும், பக்கத்துக் குழாய் அதே நேரத்தில் நீண்டுகொண்டிருக்கும். உதிர்ந்த சோடிகளை எடுத்து இன்னொரு குழாய் வளரும். 1984இல் மிச்சிசன், கேர்ஷ்னர் என்ற இருவர் இதைக் கண்டு எழுதினார்கள். பல கலங்களில் ஒரு நுண்குழாயின் ஆயுள் சில நிமிடங்கள்தான். குளிரில் வைத்தால் அதுவும் இல்லை, கழன்று போகும். கலங்களைக் குளிரில் பதப்படுத்திப் பார்த்த காலத்தில் இந்தக் குழாய்கள் கண்ணில் சரியாகப் படாததற்கு அதுவும் ஒரு காரணம். 1963இல் புதிய பதப்பொருள் ஒன்றால் அறை வெப்பத்தில் பதப்படுத்திப் பார்த்தபோதுதான் எங்கும் தெரியத் தொடங்கின.

இத்தனை வேலையும் வீண்செலவாகத் தெரியும். கட்டினதை ஏன் கழற்ற வேண்டும்? கலம் எந்தப் பக்கம் போக வேண்டும், எங்கே பிரிய வேண்டும் என்று அதற்கே முன்கூட்டித் தெரியாது. எல்லாப் பக்கமும் கம்பு நீட்டிப் பார்க்கிறது. தேவைப்பட்ட இடத்தில் நீட்டியது நிலைக்கும், மற்றது உதிரும்.

கார்த்திகை 4, இரவு

மின்சாரம் இல்லை. மேலே எழுதியதை விளக்கு வெளிச்சத்தில் திரும்ப வாசித்தேன். கம்பு நடுவதும் கழற்றுவதும் என்று எழுதினால் என் கை வேறெங்கோ போகிறது.

போரில் இடம்பெயர்ந்தபோது கிளிநொச்சியில் இருந்த வீட்டின் கூரையை நானும் மனைவியின் தம்பியும் கழற்றினோம். தகரம், சிலாகை, வளை, கப்பு, எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில். தருமபுரத்தில் நட்டோம். விசுவமடுவில் நட்டோம். உடையார்கட்டில் நட்டபோது வளை ஒன்று குறைந்திருந்தது, பக்கத்துக் காணிக்காரர் ஒரு பூவரசந்தடி தந்தார். ஒவ்வொரு இடத்திலும் வீடு கொஞ்சம் சிறுத்தது. புதுக்குடியிருப்புக்கு அங்கால் கப்பு நட நேரம் இருக்கவில்லை. தறப்பாள் மட்டும்.

இதைக் கலத்துக்கு உவமையாக்க எனக்குக் கூச்சமாயிருக்கிறது. கலத்தை யாரும் துரத்துவதில்லை. ஆனால் கழற்றுகிற கைக்குத்தான் கட்டவும் தெரியும் என்பதை நான் எந்த ஆய்வுகூடத்திலும் படிக்கவில்லை.

கார்த்திகை 6

ஆச்சி சொன்ன நஞ்சின் பெயர் கொல்சிசின். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் ஒரு பூண்டிலும் அது உண்டு. கீல்வாதத்துக்கு அந்தப் பூண்டை ஆயிரத்தைந்நூறு வருடமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். 1820இல் பிரான்சில் பெல்லத்தியே, கவந்து என்ற இருவர் அதிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். குயினைனைப் பிரித்தெடுத்தவர்களும் அவர்கள்தான்.

அது உடம்பில் எதைப் பிடிக்கிறது என்பது நெடுங்காலம் தெரியாது. 1960களில் சிக்காகோவில் எட்வின் டெயிலரும் அவர் மாணவர் கேரி போரிசியும் கதிரியக்க அடையாளம் வைத்த கொல்சிசினைப் பல இழையங்களோடு கலந்து, எது அதைப் பிடித்துக்கொள்கிறது என்று தேடினார்கள். பிரியும் கலங்கள் பிடிக்கும் என்பது எதிர்பார்த்தது. மூளையும் அள்ளி அள்ளிப் பிடித்தது. மூளைக் கலங்கள் பெரும்பாலும் பிரிவதே இல்லை, பிறகு கதிர் எதற்கு? குழம்பியிருப்பார்கள். நுண்குழாய் நிறைந்து கிடக்கும் இடமே நரம்புதான் என்பது இந்தக் குழப்பத்தின் வழியாகத் துலங்கியது. 1967இல் எழுதினார்கள். அடுத்த வருடம் மோரி என்ற யப்பானியர் அந்தப் புரதத்துக்குத் தியூபியூலின் என்று பெயர் வைத்தார். கூட்டிலிருந்து நஞ்சுக்குப் போகவில்லை; நஞ்சைப் பின்தொடர்ந்துதான் கூட்டின் செங்கல்லைக் கண்டார்கள்.

கொல்சிசின் செய்வது சின்ன வேலை. தியூபியூலின் சோடியின் இடுக்கில் போய் அமர்கிறது. அமர்ந்த சோடி வளைந்தபடியே நிற்கும், நிமிராது. அது குழாயின் நுனியில் ஏறினால் அதற்கு மேல் அடுத்த சோடி ஒழுங்காகப் பொருந்தாது. உதிர்வது நடக்கும், நடுவது நின்றுவிடும்.

வட அமெரிக்க மேற்குக் கரை மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுத்த டக்சோல் இதற்கு நேர் எதிர். 1979இல் சூசன் ஹோர்விற்ஸ் கண்டது: அது குழாயைப் பிணைத்து உறைய வைக்கிறது, உதிரவே விடாது. உறுதியான கூடு கிடைத்தால் கலம் செழிக்கும் என்றுதான் நாங்கள் நினைப்போம். அந்தக் கலமும் சாகிறது. அதனால்தான் அதைப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். நட விடாமல் கொல்வது ஒன்று, கழற்ற விடாமல் கொல்வது மற்றது. இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

கார்த்திகை 7

வத்தாளங்கிழங்கு என்று நினைத்துக் கிண்டி அவித்துச் சாப்பிட்டவர்கள் இலங்கையில் உண்டு. தெரிந்தே எடுத்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதமாட்டேன்.

நஞ்சு எந்த வரிசையில் போகிறது என்று பார்த்தால் உடம்பில் எது எவ்வளவு வேகமாகக் கட்டிக் கழற்றுகிறது என்ற கணக்கே கிடைக்கும். முதலில் குடல். குடலின் உட்தோல் சில நாளுக்கொருமுறை புதிதாவது. அது நின்றதும் வாந்தியும் வயிற்றோட்டமும். அடுத்து எலும்பு மச்சை. வெண்குருதிக் கலங்கள் குறைந்து கிருமிக்கு வாசல் திறக்கும். ஈரலும் சிறுநீரகமும் இதயமும் கூடவே சாயலாம். பிழைத்தவருக்கு இரண்டாம் கிழமையளவில் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டும், பிறகு திரும்ப முளைக்கும். பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் 1966இல் இலங்கை மருத்துவர் ஒருவர் எழுதிய குறிப்பு அப்படி மயிர் முழுதும் கொட்டிய ஒருவரைப் பற்றியது. இந்தக் கொடியின் சிங்களப் பெயர் நியங்கலா.

இரத்தத்தைச் சுத்திகரித்தாலும் இந்த நஞ்சு வெளியே வராது. இழையங்களுக்குள் போய் ஒளிந்திருக்கும். எனவே முதல் வாந்தியிலேயே ஆஸ்பத்திரி. இதைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு மாரியிலும் சொல்கிறேன். ஆச்சி மாதிரியே சொல்கிறேன் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இதே கொடி பயிர். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள், பெயர் கண்வலிக் கிழங்கு. சூல்தண்டு திரும்பி நிற்பதால் காய் தானாகப் பிடிப்பது குறைவு. பூ விரியும் காலத்தில் ஆட்கள் வரிசை வரிசையாகப் போய் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைப்பார்கள். விதை வெளிநாட்டுக்குப் போய் மருந்தாகிறது. கீல்வாதத்தில் மூட்டுக்குள் யூரிக் அமிலப் பளிங்கு சேர, வெண்குருதிக் கலங்கள் படையெடுத்து ஊர்ந்து வரும், வீக்கம் அவற்றின் வேலை. மிகச் சிறிய அளவு கொல்சிசின் அந்தப் படையைக் கால் இடற வைக்கும். 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் 0.5 மில்லிகிராம் குளிசையை மாரடைப்பு ஆபத்தைக் குறைக்கவும் அனுமதித்தது. அரை மில்லிகிராம். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள வரம்பு எங்கள் வயல் வரம்பைவிட ஒடுக்கம், வீட்டில் காய்ச்சிப் பார்க்கும் சாமானல்ல.

கார்த்திகை 9

பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கச் சொல்லிக் கொடுக்கும் பூச்சிக் குளிசை. மெபெண்டசோல். அதுவும் தியூபியூலினைத்தான் பிடிக்கிறது, புழுவின் தியூபியூலினை. எங்களுடையதிலிருந்து அது இம்மியளவு வித்தியாசம், அந்த இம்மிக்குள் மருந்து நுழைகிறது. எத்தனை வருடம் அதைப் பிள்ளைகளுக்கு எண்ணிக் கொடுத்தேன், ஒருநாளும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கார்த்திகை 10

மேலை வீட்டுப் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் வந்து மகரகமவுக்குப் போய்வந்த காலம் நினைவுக்கு வந்தது. தாய் ஒருநாள் மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினா. வின்கிறிஸ்ரின் என்றிருந்தது. அவவின் முற்றத்திலேயே நின்ற பட்டிப்பூவைக் காட்டினேன். நித்தியகல்யாணி என்பது அதன் மற்றப் பெயர். அவ நம்பவில்லை. “உது ஆடும் தின்னாத பூவெல்லோ மாஸ்ரர்.”

மடகஸ்கார்ப் பூ அது. சலரோகத்துக்கு நல்லதாம் என்று கேள்விப்பட்டு, கனடாவில் நோபிள், பியர் என்ற இருவர் 1950களில் அதன் இலைச் சாற்றை ஆராய்ந்தார்கள். சீனி குறையவில்லை, எலிகளின் வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. அங்கிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்கு வழி. வின்கிறிஸ்ரினும் தியூபியூலினைப் பிடித்துக் கதிரைக் கட்ட விடாது.

ஆனால் பிள்ளை நடக்கும்போது பாதம் தொங்கிற்று. விரல்நுனி மரத்தது, சேட்டுப் பொத்தான் போட முடியவில்லை. தாய்க்குப் பெரிய பயம். சிக்காகோக்காரர் கண்ட மூளை இங்கே வந்து நிற்கிறது: நரம்பும் நுண்குழாயால் ஆனது, அதிலும் நீளமான நரம்பு முதலில் தளரும், அதனால்தான் காலும் கைநுனியும். மருந்து முடிந்து மாதங்கள் போக அவள் மெல்ல மெல்லத் தேறினாள். இப்போது சைக்கிளில் ரியூசனுக்குப் போகிறாள், மணி அடித்துக்கொண்டு.

கார்த்திகை 12

நுளம்பு. இரவில் எழுத முடியவில்லை.

வன்னி என்றால் காய்ச்சல் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லிப் பயந்த காலம் ஒன்று இருந்தது. மலேரியாக் கிருமி புகுந்த செங்குருதிக் கலத்துக்கு நடப்பதும் கூட்டின் கதைதான். செங்கலத்தின் தோலுக்கு உட்பக்கமாக ஸ்பெக்ரின் என்ற புரதம் மீன்வலை போலப் பரந்திருக்கிறது. 7 மைக்றோன் அகலக் கலம் மண்ணீரலில் ஒரு மைக்றோன் அளவு வெடிப்புக்குள்ளால் நசிந்து நுழைந்து, மறுபக்கம் பழைய வடிவுக்கு வருவது அந்த வலையால்தான். 120 நாள் இப்படி. பொல்லாத மலேரியாவின் கிருமி தன் புரதங்களை அந்த வலையில் செருகி, கலத்தை விறைக்க வைத்து, வெளியே சின்னச் சின்ன முண்டுகளையும் எழுப்புகிறது. முண்டுகள் குருதிக்குழாய்ச் சுவரில் ஒட்டும், மூளையின் மெல்லிய குழாய்கள் அடைபடும். விறைத்த கலங்களை வடிகட்டி வடிகட்டி மண்ணீரல் வீங்கும். பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, எத்தனை பேருக்கு மண்ணீரல் தட்டுப்படுகிறது என்று எண்ணித்தான் அந்தக் காலத்து வைத்தியர்கள் ஒரு ஊரின் மலேரியாவை அளந்தார்கள்.

2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்றது. இந்த நுளம்புகளுக்கு அது தெரியாது.

விளக்கீட்டுக்கு மறுநாள்

படலையடியில் நேற்று ஏற்றிய தீபங்களின் கரி. மருமகன் வந்தான்.

ஆடியில் கூரைத் தகரம் சறுக்கி அவன் வலது முன்கையை வெட்டியது. மணிக்கட்டுக்கு மேலே, சின்னவிரல் பக்கத்து நரம்பு. ஆஸ்பத்திரியில் நுண்ணோக்கி வைத்துத் தைத்தார்கள். தைத்த மறுநாள் விரல் உணரும் என்று அவன் எதிர்பார்த்தான். அப்படியில்லை. வெட்டுக்குக் கீழே இருந்த இழை முழுவதும் அழியும், மேலே இருந்து புதிதாக வளர்ந்து வரவேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்.

அந்த நரம்பின் கலவுடல் கழுத்துப் பக்கம் முள்ளந்தண்டோரம் இருக்கிறது. விரல்நுனிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை அங்கேதான் தயாராகி, நுண்குழாய்த் தண்டவாளத்தில் இறங்கி வரும். சுமந்து வருவது கைனீசின் என்ற புரதம், இரண்டு காலால் அடி வைத்து, அடிக்கு 8 நனோமீற்றர். 1985இல் கணவாய் நரம்பில் கண்டுபிடித்தது. வளரும் நுனியில் அக்டின் இழைகள் விரல் விரித்தாற்போலத் தடவித் தடவிப் பாதை பார்க்கும். பிடிமானம் கிடைத்த பக்கம் நுண்குழாய்கள் பின்னால் வந்து நிலைக்கும். முன்னால் தடவுகிறவரும் பின்னால் கப்பு நடுகிறவருமாக ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர்.

முள்ளந்தண்டுக்குள் அறுந்தது இப்படி வளராது. அறுந்த நுனி வீங்கி ஒரு குண்டு போல் நின்றுவிடும். அதற்குள் நுண்குழாய்கள் ஒழுங்கற்றுத் தாறுமாறாகக் கிடப்பதை 2007இல் ஜேர்மனியில் பிராட்கேயின் குழு காட்டியது. நாலு வருடம் கழித்து எலிகளுக்கு மிகச் சிறிய அளவு டக்சோல் செலுத்தியபோது குழாய்கள் நேராகி இழை கொஞ்சம் முன்னேறியது. கலத்தைக் கொல்கிற அதே மருந்து. எலிகளில் மட்டும், கொஞ்சத் தூரம். எங்கள் ஒழுங்கைக் கடைசியில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, 2009 தொடக்கம் இருக்கிறார், இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லவில்லை. அவர் மிளகாய்க் கன்று விலை கேட்டார், சொன்னேன்.

மருமகனுக்கு வைத்தியர் ஒரு பரிசோதனை காட்டிக் கொடுத்திருக்கிறார். நரம்பு போகும் வழியில் விரல்நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டு இறங்க வேண்டும். புதிய நுனி எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் தட்டும்போது மின் அடித்தாற்போலச் சின்னவிரலுக்குள் சுர்ரென்று ஓடும். அந்த இடத்தில் பேனையால் ஒரு புள்ளி. போன மாதப் புள்ளி மங்கிக் கிடந்தது. அவன் திண்ணையில் கையை மலர்த்தி வைத்தான். நான் தழும்பிலிருந்து தட்டத் தொடங்கினேன்.

“இஞ்சையோ?”

“இல்லை மாமா, இன்னும் கீழை.”

பழைய புள்ளியைத் தாண்டிவிட்டேன்.

“இஞ்சை?”

“இன்னும் கொஞ்சம்.”